முதுகு மொட்டையான பெட்டைகள்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அக்கா, என்னிடம் ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் இருக்கின்றன. இரண்டு பெட்டைகளுக்கு மட்டும் முதுகிலும் பிடரியிலும் இறகே இல்லை. மற்ற மூன்றும் பளபளவென்று இருக்கின்றன. சேவலின் வேலைதான் இது என்கிறார் கணவர். எனக்குப் பேனாக இருக்குமோ என்று சந்தேகம். சேவலைக் கொடுத்துவிட மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கணவர் சொல்வதுதான் சரி என்று தோன்றுகிறது. இறகு எங்கே போயிருக்கிறது என்பதை வைத்தே காரணத்தைச் சொல்லிவிடலாம். சேவல் மிதிக்கும்போது, அதாவது இணைசேரும்போது, அலகால் பெட்டையின் பிடரியைக் கவ்விக்கொண்டு, இரண்டு கால்களையும் அதன் முதுகில் ஊன்றும். சறுக்காமல் இருக்க நகத்தால் பிறாண்டும். அதனால் பிடரி, முதுகு, இறக்கை உடம்போடு சேரும் தோள் ஆகிய இடங்களில்தான் இறகு போகும். பேன் என்றால் எச்சவாயைச் சுற்றி, இறகின் அடித்தண்டில் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் கொத்தாக ஒட்டியிருக்கும். வால் அடியில் மட்டும் வெறுமையாக இருந்தால், உடன் இருக்கும் கோழிகள் கொத்துகின்றன என்று அர்த்தம். வருடம் ஒருமுறை வரும் இறகு உதிர்ப்போ தலையிலும் கழுத்திலும் தொடங்கிக் கீழே இறங்கும். உதிர்ந்த இடத்தில் உடனே புது முளையும் தெரியும்.

இரண்டுக்கு மட்டும் ஏன் என்றால், சேவலுக்கும் பிடித்தமான பெட்டைகள் உண்டு. பக்கத்தில் வந்ததுமே பதுங்கி உட்கார்ந்துவிடும் சாதுவான பெட்டைதான் அதிகம் மிதிபடும். திருப்பிக் கொத்தும் பெட்டையிடம் அது அவ்வளவாகப் போகாது.

இன்று இரவு கோழிகள் அடைந்த பிறகு ஒரு வேலை செய்யுங்கள். அந்த இரண்டையும் தூக்கி மடியில் வைத்து, இறக்கைகளை ஒவ்வொன்றாக விரித்து அடியில் பாருங்கள். நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. என்னிடம் செம்பி என்று ஒரு பெட்டை இருந்தாள். வெளியே பார்த்தால் முதுகில் நான்கைந்து இறகு குறைவு, அவ்வளவுதான். தீனிக்கு மட்டும் எல்லோருக்கும் பின்னால் வந்தாள். தூக்கி இறக்கையை விரித்தால், விலாவில் விரல் நீளத்துக்குத் தோல் கிழிந்திருந்தது. ஓரம் காய்ந்து சுருண்டு, நடுவில் சதை தெரிந்தது. சேவலின் காலில் பின்பக்கம் கூராக வளரும் முள் செய்த வேலை. அத்தனை காயத்தோடும் அவள் ஒரு சத்தம் போடவில்லை. கோழிகள் வலியைக் காட்டிக்கொள்ளாது, நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

காயம் இருந்தால் அந்தக் கோழியை உடனே தனியே வையுங்கள். சிவந்த தோலைக் கண்டால் மற்ற கோழிகளே கொத்திப் பெரிதாக்கிவிடும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்துக் கழுவுங்கள். ஈ உட்காரவே கூடாது, புழு வைத்துவிட்டால் நிலைமை கைமீறிவிடும். கிழிசல் ஆழமாக இருந்தால் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள். தனியே வைத்தாலும் மற்ற கோழிகள் கண்ணில் படுகிற இடமாகப் பாருங்கள். அப்போதுதான் திரும்பிச் சேர்க்கும்போது சண்டை குறையும்.

இனி சேவல் விஷயம். ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டைகள் வரை வைப்பது பொதுவான கணக்கு. உங்களிடம் ஐந்துதான். பெட்டைகளைக் கூட்ட முடியாவிட்டால், சேவல் அவற்றோடு இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். முட்டையிடுவதற்குச் சேவலே தேவையில்லை. குஞ்சு பொரிக்க வேண்டும் என்றாலும் தினமும் மிதிபட வேண்டியதில்லை. சேவலின் விந்தணுக்களைப் பெட்டை தன் உடம்புக்குள்ளேயே சேமித்து வைத்துக்கொள்ளும், பிரித்த பிறகும் சுமார் 2 வாரம் வரை கரு கூடிய முட்டை கிடைக்கும். ஆகவே சேவலுக்குத் தனி அடைப்பு செய்து, வாரத்தில் ஓரிரு நாள் மட்டும் சேர்த்து விட்டால் போதும். கொடுத்துவிட வேண்டிய அவசியமே வராது.

கேள்வி: சேவலைப் பிரித்து வெகு நாளாகியும் இறகு முளைக்கவில்லை. ஏதாவது சத்துக் குறைவா?

பதில்: அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். கட்டைகட்டையாகக் குத்தினால், இறகு பிடுங்கப்படாமல் பாதியில் ஒடிந்திருக்கிறது. அடித்தண்டு தோலுக்குள் இருக்கும்வரை புது இறகு வராது, அடுத்த இறகு உதிர்ப்பு வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் கட்டைகளைப் பிடுங்கி எடுக்க வேண்டாம், ரொம்ப வலிக்கும். வழுவழுவென்று இருந்தால் சில வாரங்களில் நீல முளைகள் தெரியும். அந்த முளைக்குள் ரத்தம் ஓடும். இந்தச் சமயத்தில் மறுபடி மிதிபட்டால் உடைந்து ரத்தம் வரும், அதனால் முளை முற்றி விரியும் வரை சேவலைச் சேர்க்காதீர்கள்.

சத்தும் முக்கியம்தான். இறகு பெரும்பாலும் புரதம். முட்டைக்கோழித் தீவனத்தில் வழக்கமாக 16 சதவீதம் புரதம் இருக்கும். இறகு முளைக்கும் காலத்தில் 18 முதல் 20 சதவீதம் உள்ள தீவனமாகக் கொடுங்கள்.

கேள்வி: கோழி முதுகில் துணி கட்டலாம் என்கிறார்களே, அது பயன் தருமா?

பதில்: தரும், நானே தைத்துப் போட்டிருக்கிறேன். பழைய ஜீன்ஸ் துணி நல்லது, நகம் எளிதில் கிழிக்காது. கழுத்தின் அடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை மூடும் அளவுக்கு வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து, இரண்டு இறக்கைகளுக்கும் ஒவ்வொரு எலாஸ்டிக் வளையம் வையுங்கள். வளையத்துக்குள் உங்கள் விரல் தாராளமாகப் போக வேண்டும். இறுக்கினால் இறக்கை அடியில் புண்ணாகிவிடும். நூல் எதுவும் தொங்கக் கூடாது, கால் மாட்டிக்கொள்ளும். போட்டவுடன் கோழி பின்னோக்கி நடக்கும், உதறும். கொஞ்ச நேரத்தில் பழகிவிடும்.

ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். துணிக்கு அடியில் பேனும் உண்ணியும் நிம்மதியாகப் பெருகும். வாரம் ஒருமுறையாவது கழற்றித் தோலைப் பாருங்கள். நனைந்தால் கழற்றிவிடுங்கள், கடும் வெயிலிலும் வேண்டாம். திறந்த புண் மேல் போடவே கூடாது. அப்புறம், இந்தத் துணி முதுகை மட்டும்தான் காக்கும், பிடரியைக் காக்காது. ஐந்து பெட்டைகளுக்கு நடுவே ஒரு சேவலை முழு நேரமும் விட்டுவிட்டுத் துணியை மட்டும் நம்பினால் பிடரி மொட்டையாகத்தான் இருக்கும்.

கேள்வி: சேவலின் முள்ளை வெட்டலாமா?

பதில்: நுனியை மட்டும் வெட்டலாம். முள்ளின் உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் இருக்கிறது, அடியோடு வெட்டினால் ரத்தம் நிற்காது. இரவில் சேவலைத் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கூர்முனையைக் கொஞ்சமாக வெட்டி, அரத்தால் மழுக்கிவிடுங்கள். தவறி ரத்தம் கசிந்தால் சோளமாவு வைத்து அழுத்திப் பிடியுங்கள். கால் விரல் நகங்களையும் அப்படியே மழுக்குங்கள், முதுகைக் கிழிப்பதில் அவற்றுக்கும் பங்குண்டு. முள்ளின் மேல்கூட்டைத் திருகிக் கழற்றும் முறை எனக்குப் பிடிக்காது. அடியில் வெளிப்படும் பகுதி மென்மையானது, சேவல் வலியில் தவிக்கும்.

கேள்வி: ஆறு மாத விடலைச் சேவல்கள் இரண்டு, பெட்டைகளை நாள் முழுக்கத் துரத்துகின்றன. பெட்டைகள் கூட்டை விட்டு இறங்கவே பயப்படுகின்றன. இவை திருந்துமா?

பதில்: பல சேவல்கள் ஒரு வயதுக்கு மேல் அடங்கிவிடும். முதிர்ந்த சேவல் இரையைக் காட்டிக் கூப்பிடும், ஒரு இறக்கையைத் தாழ்த்திச் சுற்றி வரும், பெட்டை பதுங்கிய பிறகே ஏறும். விடலைகளுக்கு அந்தப் பொறுமை இன்னும் வரவில்லை. இரண்டும் ஒரே பெட்டை மேல் பாய்வதால்தான் இவ்வளவு சேதம். பெட்டைகள் கண்ணில் படாத தனி அடைப்பில் இரண்டையும் சேர்த்தே வையுங்கள், பெட்டைகள் இல்லாத இடத்தில் சேவல்கள் அவ்வளவாகச் சண்டை போடாது. சில மாதம் கழித்து ஒன்றை மட்டும் விட்டுப் பாருங்கள், பெட்டைகள் இறங்கி வந்து பயமில்லாமல் மேய்ந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம்.