ஆசிரியர் பதில்கள்: தமிழ் தெரிந்த பிள்ளைக்கு ஆங்கிலம்

பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பது, கற்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் விடை தரப்படுகிறது. விடை எழுதியிருப்பவர் திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவர்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஐயா, ஒன்பதாம் வகுப்புத் தமிழ்வழிப் பிரிவுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். பாடத்தை வாசித்து வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்கிறேன். பிள்ளைகள் கைடைப் பார்த்து விடை எழுதி மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வில் தேறியும் விடுகிறார்கள். ஆனால் ‘நேற்று என்ன செய்தாய்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டால் நாற்பது பேரில் ஒருவர்கூட வாய் திறப்பதில்லை. ஆங்கில வகுப்பில் தமிழே பேசக் கூடாது என்று சொல்கிறார்கள். தமிழை விட்டால் வகுப்பு மௌனமாகிவிடுகிறது. நான் என்ன செய்வது?
— பட்டதாரி ஆசிரியை ஒருவர், திருத்துறைப்பூண்டி

பதில்: அன்புள்ள ஆசிரியைக்கு வணக்கம். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவது குற்றம் என்று நான் கருதவில்லை. எதற்காகப் பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வரிக்கு வரி தமிழில் பொருள் சொல்லிவிட்டால், ஆங்கில வரியோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவையே பிள்ளைக்கு இல்லாமல் போகிறது. அது தமிழ்க் கதையைக் கேட்டுவிட்டு, பொருள் புரியாத ஆங்கில விடையை எழுத்துக்கு எழுத்து நெட்டுருச் செய்கிறது. அதே தமிழை, ஆங்கில வாக்கியம் எப்படிக் கட்டப்படுகிறது என்று காட்டுவதற்குப் பயன்படுத்திப் பாருங்கள். நான் பல ஆண்டுகள் செய்த ஒரு பயிற்சியைச் சொல்கிறேன்.

‘நான் நேற்று வயலுக்குப் போனேன்’ என்பதை நான்கு அட்டைகளில் எழுதி, நான்கு பிள்ளைகள் கையில் கொடுத்து வகுப்பின் முன்னால் வரிசையாக நிறுத்துங்கள். இப்போது இதை ஆங்கிலமாக்க வேண்டும். ‘போனேன்’ என்ற அட்டையை வைத்திருக்கும் பிள்ளை வரிசையின் கடைசியிலிருந்து நடந்துபோய் ‘நான்’ பக்கத்தில் நிற்க வேண்டும். ‘நேற்று’ பின்னால் போக வேண்டும். ‘வயலுக்கு’ என்ற ஒரு பிள்ளையின் இடத்தில் மூன்று பேர் தேவைப்படுகிறார்கள்: ‘டு’, ‘த’, ‘ஃபீல்டு’. நம் நான்காம் வேற்றுமை உருபாகிய ‘கு’ பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வருவது. ஆங்கிலத்தில் அது பிரிந்து, முன்னால் போய்த் தனியே நிற்கிறது. நடுவில் நிற்கும் ‘த’ என்பதற்கு நேரான சொல் தமிழில் இல்லை. அதனால்தான் நம் பிள்ளைகள் அதை ஓயாமல் விட்டுவிடுகிறார்கள். ‘போனேன்’ என்பதன் விகுதியே போனது யார் என்று சொல்லிவிடுவதால், தமிழில் ‘நான்’ இல்லாமலும் வாக்கியம் நிறைவாக இருக்கும். ஆங்கிலத்தில் ‘ஐ’ இல்லாமல் ‘வென்ட்’ மட்டும் நிற்காது. நான்கு பேராக நின்ற வரிசை ஆறு பேராக மாறுவதை எல்லாப் பிள்ளைகளும் கண்ணால் பார்க்கிறார்கள். எழுவாய், பயனிலை என்று அரை மணி நேரம் கரும்பலகையில் எழுதியும் ஏறாதது, இரண்டு பிள்ளைகள் இடம் மாறி நின்றதில் ஏறிவிடுகிறது. மறுநாள் வயலுக்குப் பதிலாகக் கடைத்தெருவும் குளமும் கோயிலும் வரட்டும். அதற்கு அடுத்த நாள் ‘வயலில்’, ‘வயலிலிருந்து’ என்று உருபை மாற்றுங்கள். இந்த வேலைக்குத் தமிழ் கட்டாயம் வேண்டும். வாக்கியம் அமைந்த பிறகு அதைச் சொல்லிப் பழகும்போது மட்டும் தமிழை ஒதுக்கி வையுங்கள்.

அவர்கள் வாய் திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை என் தவற்றிலிருந்தே சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், எட்டாம் வகுப்பில் ஒரு மாணவன் தானாக எழுந்து, ‘ஐ யெஸ்டர்டே ஃபீல்டு கோயிங், சார்’ என்றான். நான் அவனை நிற்கவைத்து, சரியான வாக்கியத்தைப் பத்து முறை சொல்லச் செய்தேன். வகுப்பு சிரித்தது, நான் தடுக்கவில்லை. ஆண்டு முடியும்வரை அவன் என் வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. அவன் செய்தது தமிழ் வரிசையில் ஆங்கிலச் சொற்களை அடுக்கியது. தமிழ் இலக்கணத்தை அவன் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறான் என்பதை நான் உணர்ந்தபோது அவன் வேறு பள்ளிக்குப் போயிருந்தான். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. ஆகவே பிள்ளை தப்பாகச் சொன்னால், ‘ஓ, யூ வென்ட் டு த ஃபீல்டு?’ என்று நீங்கள் சரியாகத் திருப்பிக் கேட்டுவிட்டு மேலே போங்கள். நோட்டுத் திருத்தும்போதும் ஒரு பக்கத்துக்கு ஒரே வகைப் பிழையை மட்டும் வட்டமிடுங்கள். பக்கம் முழுவதும் சிவப்பு மையாகத் திரும்பி வரும் நோட்டைப் பிள்ளை மூடி வைத்துவிடும்.

பத்தாம் வகுப்பு அரசுத் தேர்வு தலைக்கு மேல் இருக்கும்போது இதற்கெல்லாம் நேரம் ஏது என்று நீங்கள் நினைக்கலாம். அதிலும் நம் பகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பள்ளி விடுமுறை விடும் நாட்கள் வேறு. நடவு நாட்களில் அம்மா வயலுக்குப் போய்விட, தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடும் பெண்பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும் என்கிறேன். ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிடுங்கள். மழை வருவதற்குள் பிள்ளைகள் ஐம்பது வாக்கியமாவது சொந்தமாக அமைத்திருப்பார்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் பள்ளிப் பிள்ளைகள் ‘இஸ்கூல்’, ‘இஸ்டேஷன்’ என்றே சொல்கிறார்கள். ‘பார்க்’ என்பதன் முதலெழுத்தையும் ‘பஸ்’ என்பதன் முதலெழுத்தையும் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். எப்படித் திருத்துவது?
— இடைநிலை ஆசிரியர் ஒருவர், மன்னார்குடி

பதில்: தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் முதல் நாம் படித்து வரும் விதி. மெய்யில் தொடங்கும் அயற்சொல் வந்தால் முன்னால் ஓர் உயிரைச் சேர்த்துக்கொள்வது நம் நாவின் இயல்பு. ஆகவே ‘இஸ்கூல்’ என்பது சோம்பலும் அன்று, அறிவுக்குறைவும் அன்று. பிள்ளையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அதன் பிறகு பாம்பு சீறுவதைப் போல ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டச் சொல்லி, அந்த ஓசை நிற்பதற்குள் ‘கூல்’ என்பதைச் சேர்க்கச் சொல்லுங்கள். முன்னால் ஒட்டிய ‘இ’ சில நாட்களில் தானாக உதிர்ந்துவிடும்.

ப என்ற ஒரே எழுத்து ‘பல்’லில் ஒரு மாதிரியும் ‘தம்பி’யில் வேறு மாதிரியும் ஒலிப்பதைப் பிள்ளைகள் கவனித்ததே இல்லை. தொண்டையில் விரலை வைத்து இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். ‘தம்பி’ என்னும்போது விரலில் அதிர்வு தெரியும். ‘பஸ்’ என்பதற்குரிய ஒலி அதுதான். ஏற்கெனவே வாயில் இருக்கும் ஒலியைச் சொல்லின் தொடக்கத்துக்குக் கொண்டுவருவது மட்டுமே வேலை. நம் மொழியில் குறில், நெடில் வேறுபாடு இருப்பதால், ஆட்டுக்கும் கப்பலுக்கும் உரிய ‘ஷீப்’, ‘ஷிப்’ என்ற சொற்களைப் பிரித்து ஒலிப்பதில் நம் பிள்ளைகளுக்குத் தடுமாற்றமே இராது. அவர்களால் எளிதில் முடிவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: ஐயா அவர்களுக்கு வணக்கம். நான் விவசாயக் கூலி. எனக்கும் என் மனைவிக்கும் ஆங்கிலம் தெரியாது. மகள் ஊர்ப் பள்ளியில் ஆறாவது படிக்கிறாள். கடன் வாங்கியாவது டவுனில் ஆங்கிலவழித் தனியார் பள்ளியில் சேர்த்துவிடு என்கிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் வருமா?
— தந்தை ஒருவர், வலங்கைமான் அருகே

பதில்: ஐயா, ஆங்கிலேயரே வியக்கும்படி ஆங்கிலம் பேசியவர் என்று பெயர் வாங்கிய வி. எஸ். சீனிவாச சாஸ்திரி 1869இல் பிறந்தது உங்கள் வலங்கைமானில்தான். வசதியில்லாத வீட்டுப் பிள்ளை. கும்பகோணத்தில் படித்து, பள்ளி ஆசிரியராகத்தான் வாழ்க்கையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் பள்ளிக்கூட வாசல் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. இன்று உங்கள் மகளுக்குத் திறந்திருக்கிறது. ஊரைக் காரணம் காட்டி அவளுக்கு வராது என்று யாரும் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

கடன் வாங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வழி எதுவாக இருந்தாலும், புரியாத மொழியில் எல்லாப் பாடத்தையும் மனப்பாடம் செய்யும் பிள்ளைக்குப் பாடமும் வருவதில்லை, ஆங்கிலமும் வருவதில்லை. தமிழில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கு ஆங்கில வாசிப்பு விரைவாக வரும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதது ஒரு குறையே அன்று. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ‘இன்றைக்கு என்ன படித்தாய், ஒரு பக்கம் வாசி, கேட்கிறேன்’ என்று சொல்லி எதிரில் உட்காருங்கள். பிறகு அதைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடிந்தால் அவளுக்குப் புரிந்திருக்கிறது. முடியாவிட்டால், மறுநாள் ஆசிரியரிடம் கேட்க வேண்டிய இடம் எது என்று அவளுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டு இப்போது அறிவியல் பட்டப்படிப்பில் சேர்ந்திருக்கிறேன். வகுப்பு முழுவதும் ஆங்கிலத்தில் நடப்பதால் ஒன்றும் புரியவில்லை. படிப்பை விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.
— முதலாண்டு மாணவி, கும்பகோணம்

பதில்: விட்டுவிடாதேம்மா. நீ இருக்கும் ஊரிலேயே, 1904இல் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்த இராமானுஜன், கணக்கிலேயே மூழ்கிக் கிடந்ததால் ஆங்கிலத்தில் தேறாமல் அந்த உதவித்தொகையை இழந்தார். ஒரு மொழித்தாளில் தவறுவது அறிவின் அளவு ஆகாது என்பதற்காகச் சொல்கிறேன்; அவர் பட்ட துன்பம் உனக்கு வேண்டியதில்லை. உன் பள்ளித் தமிழ்ப் பாடநூலையும் அதே பாடத்தின் ஆங்கில நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒளிச்சேர்க்கையை ஆங்கிலத்தில் வாசி. பொருள் தெரிந்திருப்பதால் புதிதாகக் கற்க வேண்டியது சொற்கள் மட்டுமே. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டால், முதல் பருவம் முடிவதற்குள் வகுப்பில் காது திறந்துவிடும்.

கேள்வி: ஐயா, பி.எட். முடிக்கப்போகிறேன். ஆங்கில ஆசிரியர் வேலையில் சலிப்பையும் குறைகளையுமே எல்லோரும் சொல்கிறார்கள். உங்களுக்கு இந்த வேலை என்ன மகிழ்ச்சியைத் தந்தது?
— பயிற்சி மாணவர் ஒருவர், மயிலாடுதுறை

பதில்: தம்பி, சலிப்பு இருந்தது உண்மை. ஒரே பாடத்தை ஒரே நாளில் மூன்று பிரிவுகளுக்கு எடுத்துவிட்டு மாலையில் தொண்டை வற்றி பஸ் ஏறிய நாட்கள் எத்தனையோ. மகிழ்ச்சி எது என்று கேட்டால் சில வகுப்புகள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஒருமுறை நெல்லைப் பற்றி வகுப்பு எடுத்தேன். வயலில் இருப்பது நெல், குத்தினால் அரிசி, வெந்தால் சோறு. நாம் மூன்று பெயர் வைத்திருக்கும்போது ஆங்கிலத்தில் அரிசிக்கும் சோற்றுக்கும் ‘ரைஸ்’ என்ற ஒரே சொல்தான் என்றதும் பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை. ‘அப்ப சோறு வேணும்னு எப்படி சார் கேப்பாங்க?’ என்றாள் ஒருத்தி. நெல்லுக்கு ‘பேடி’, வைக்கோலுக்கு ‘ஸ்ட்ரா’, உமிக்கு ‘ஹஸ்க்’, தவிட்டுக்கு ‘பிரான்’, பதருக்கு ‘சாஃப்’ என்று எழுதிக்கொண்டே போனேன். கதிருக்கு ‘இயர்’ என்று சொன்னவுடன் எல்லோரும் தங்கள் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு யாரையும் நான் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. மறுவாரம் கேட்டபோது ஒரு சொல்லும் மறந்திருக்கவில்லை.

இன்னொரு நாள் எதையும் விளக்காமல், கரும்பலகையில் ஏ, என், ஐ, சி, யு, டி என்ற ஆறு எழுத்துகளை மட்டும் எழுதினேன். ‘அனிகட்’ என்று வாசித்தார்கள். என்ன பொருள் என்றேன், யாருக்கும் தெரியவில்லை. கல்லணையை ஆங்கிலத்தில் ‘கிராண்ட் அனிகட்’ என்பார்கள் என்றேன். இன்னும் மெதுவாக, ஒவ்வோர் அசையாகச் சொல்லுங்கள் என்றேன். சொல்லிக்கொண்டே இருந்தார்கள். கடைசி பெஞ்சில், மற்ற நாட்களில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து நின்று, ‘சார், அணைக்கட்டு!’ என்றாள். ஆம், அது நம் சொல்தான். காவிரியிலும் கொள்ளிடத்திலும் வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போய்த் தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்டார்கள் என்றேன். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் அப்படிப் போனவைதான் என்றதும், கடலோரக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பையன் எழுந்து, ‘எங்க தாத்தா கட்டுமரத்துல போவாங்க சார், இங்கிலீஷ்லயும் அது கட்டுமரம்தானா?’ என்று கேட்டான். நான் அவன் கையில் சாக்பீஸைக் கொடுத்தேன். அவன் ‘கேட்டமரான்’ என்பதை ஆங்கிலத்தில் ஒவ்வோர் எழுத்தாக என்னிடம் கேட்டுக் கேட்டுக் கரும்பலகையில் எழுதினான். எழுதி முடித்துவிட்டு, நான் சொல்லாமலே, அதன் கீழே ‘மை தாத்தா ஹேஸ் எ கேட்டமரான்’ என்று ஒரு முழு வாக்கியத்தையும் எழுதினான்.