சீட்டில் எழுதியிருக்கும் அந்தப் பெயர்: நரம்பு நோய்ச் சொற்கள் பற்றிக் கேள்வி பதில்

நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வருபவர்கள் கையில் ஒரு சீட்டு இருக்கும், அதில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கும். அப்படிப்பட்ட பெயர்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இவற்றில் பல சொற்கள், கோளாறு எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்பதோடு நின்றுவிடும். ஏன் வந்தது என்பதை நீங்கள்தான் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 72. தலைவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ‘ஏஜ் ரிலேட்டட் செரிப்ரல் அட்ரோபி, ஸ்மால் வெசல் இஸ்கீமிக் சேஞ்சஸ்’ என்று போட்டிருக்கிறது. மூளை சுருங்கிவிட்டதாம். அம்மா அழுதுகொண்டே இருக்கிறார்.

அம்மாவை அழ வேண்டாம் என்று சொல்லுங்கள். அட்ரோபி என்றால் சுருக்கம். தலைமுடி நரைப்பதுபோல மூளையும் வயதோடு கொஞ்சம் சுருங்கும். ‘ஏஜ் ரிலேட்டட்’ என்று சேர்த்திருப்பது அதைச் சொல்லத்தான். நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டாவது சொல்லை. மூளையின் ஆழத்தில் ஓடும் மெல்லிய ரத்தக்குழாய்கள் வயதாலும், பல வருட ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, புகைப்பழக்கத்தாலும் கெட்டிருப்பதன் தடம் அது. அப்பாவின் பிரஷரையும் சர்க்கரையையும் பாருங்கள். மறதி நோயை ஸ்கேனை மட்டும் வைத்து யாரும் முடிவு செய்வதில்லை. பழகிய தெருவில் வழி தெரியாமல் நிற்கிறாரா, பென்ஷன் கணக்கில் தடுமாறுகிறாரா என்று பாருங்கள். அப்படி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: ஹெமிபிளீஜியா, ஹெமிபரீசிஸ் இரண்டும் ஒன்றா?

இல்லை. பிளீஜியா என்றால் அசைவே இல்லை, பரீசிஸ் என்றால் பலம் குறைவு. ஹெமி என்பது உடலின் ஒரு பக்கம், பாரா என்பது இரண்டு கால்கள். மூளை ரத்தக்குழாய் அடைப்பால் வந்ததா, ரத்தக்கசிவால் வந்ததா என்பது இந்தச் சொற்களில் இருக்காது. அதற்கு ஸ்கேன் வேண்டும், அதுவும் உடனே வேண்டும். அடைப்பாக இருந்தால், உறைந்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஒழுகியது, முகம் கோணிவிட்டது. ‘பெல்ஸ் பால்சி’ என்கிறார்கள். இதுவும் பக்கவாதம்தானே டாக்டர்?

இல்லை தம்பி. முகத்தசைகளை அசைக்கும் ஏழாவது நரம்பு, காதை ஒட்டிய எலும்புக்குள் ஒரு குறுகிய பாதையில் வருகிறது. அங்கே அது வீங்கி நசுங்குவதுதான் இது. நெற்றியைச் சுருக்க முடியவில்லை, கண்ணை இறுக்கி மூட முடியவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். பக்கவாதத்தில் நெற்றி பொதுவாகத் தப்பிவிடும். ஆனால் கண்ணாடி முன் நின்று நீங்களே முடிவுகட்டக் கூடாது, அதை மருத்துவர் சொல்லட்டும். ஸ்டீராய்டு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. மூடாத கண் காய்ந்து புண்ணாகிவிடும், அதனால் சொட்டு மருந்து விட்டு, இரவில் இமையை டேப் போட்டு மூடுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும்.

கேள்வி: மகளுக்கு 19 வயது. ஒரே ஒரு தடவை ஃபிட்ஸ் வந்தது. ஸ்கேனில் ‘ரிங் என்ஹான்சிங் லீஷன், நியூரோசிஸ்டிசெர்கோசிஸ்’ என்று வந்திருக்கிறது. பன்றி நாடாப்புழுவாம். நாங்கள் முட்டைகூடத் தொடாத சைவம். இது எப்படி வந்தது? நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆகுமா?

சரியாக வேகாத பன்றி இறைச்சியைத் தின்றவருக்குக் குடலில் நாடாப்புழு வளரும். அதன் முட்டைகள் அவருடைய மலத்தில் வெளியேறும். அந்த முட்டைகள் அழுக்குத் தண்ணீர், கழுவாத பச்சைக் காய், சமைப்பவரின் கை என்று ஏதோ ஒரு வழியில் யார் வயிற்றுக்குள்ளும் போகலாம். அங்கே பொரித்து, ரத்தத்தில் கலந்து, மூளைக்கும் போய்த் தங்கும். அதனால் சைவக் குடும்பங்களிலும் இது வருகிறது. உங்கள் வீட்டுப் பழக்கத்தில் எந்தக் குறையும் இல்லை.

லீஷன் என்றால் பாதிப்பு உள்ள ஓர் இடம், அவ்வளவே. காசநோய்க் கட்டியும் இப்படி வளையமாகத் தெரியலாம், அதையும் யோசித்துத்தான் மருத்துவர் முடிவு செய்வார். கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். புழு சாகும்போது சுற்றிலும் வீங்கி வலிப்பு கூடலாம். ஒற்றைக் கட்டி பெரும்பாலும் மருந்தோடு மறைந்துவிடும்.

ஒரு தடவை வந்தது ‘சீஷர்’. தூண்டுதல் இல்லாமல் திரும்பத் திரும்ப வரும் தன்மைதான் ‘எபிலெப்சி’. அப்படியே இருந்தாலும் கல்யாணத்துக்குத் தடை இல்லை. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பை ஒரு காரணமாக வைத்திருந்த வரியை 1999-இல் எடுத்தே விட்டார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டில் மறைக்காதீர்கள். ஒளித்து ஒளித்து மாத்திரை போடும் பெண் ஒருநாள் வேளை தவறுவாள், வலிப்பு வரும். வால்ப்ரோயேட் மருந்து எடுக்கிறாளானால், அது கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால் கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். வலிப்பு வரும்போது சாவிக்கொத்து வேண்டாம், வாயில் எதையும் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ்.

கேள்வி: டம்ளரைத் தூக்கினால் கை நடுங்குகிறது. பார்கின்சனா?

பார்கின்சனில் பெரும்பாலும் கை சும்மா மடியில் இருக்கும்போது நடுங்கும், அசைவும் மெதுவாகும். வேலை செய்யும்போது வருவது ‘எசென்ஷியல் ட்ரெமர்’ ஆக இருக்கலாம், அது பல குடும்பங்களில் பரம்பரையாக வரும். தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 23 வயது. படபடப்பு, கை வியர்வை, தூக்கமில்லை. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி, லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியர் ஒருவர் லேகியம் கொடுத்தார். தொடரலாமா?

நிறுத்துங்கள் தம்பி. அந்தப் பெயரில் ஒரு நோயை நரம்பியலில் நாங்கள் கண்டுபிடிப்பதில்லை. பயந்திருக்கும் இளைஞர்களிடம் காசு பறிக்கப் பயன்படும் பெயர் அது, எனக்கு அதில் தீராத கோபம். நீங்கள் சொல்வதெல்லாம் மனப்பதற்றத்திலும் வரும், தைராய்டு கூடினாலும் வரும். அரசு மருத்துவமனையிலேயே ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மனநலப் பிரிவிலும் ஒருமுறை பேசுங்கள்.

கேள்வி: சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின். பாதம் எரிகிறது. ‘பெரிபெரல் நியூரோபதி’ என்று எழுதியிருக்கிறார்கள்.

கை கால் நுனி நரம்புகள் கெட்டிருக்கின்றன என்று பொருள். சர்க்கரை காரணமாக இருக்கலாம். மெட்ஃபார்மின் நீண்ட நாள் எடுத்தால் பி12 குறையும், அதுவும் இதே எரிச்சலைத் தரும். பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். தினமும் இரவு பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், வெறுங்காலோடு நடக்காதீர்கள்.