அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வயலுக்குள் எல்க் (பெரிய மான் வகை) வந்தால் நிலத்துக்காரர் சுடலாமா?

கூடாது. நிலம் உங்களுடையதாக இருந்தாலும் எல்க் உங்களுடையது இல்லை. அங்கே அற்றுப்போன இனம் இது. 2011 முதல் கென்டக்கியிலிருந்து 100-க்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுவந்து பெக் ராஞ்ச் பகுதியில் விட்டார்கள். 2020-ல் நடந்த முதல் வேட்டைக்கு மொத்தமே 5 அனுமதிதான், அதில் ஒன்று அந்த வட்டார நிலத்துக்காரருக்கு. சோயாவை மேய்ந்தால் மாநிலப் பாதுகாப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

பெரும்பாலும் தனியாக அலைவது இளம் ஆண் எல்க்தான். மான் வேட்டைக்காரர்கள் அரைவெளிச்சத்தில் வெள்ளைவால் மான் என்று நினைத்து ஏமாறுவதும் இதனிடம்தான். எல்க் கிட்டத்தட்ட குதிரை அளவு. கழுத்து கரும்பழுப்பு, பின்புறம் வெளிறிய திட்டு. வெள்ளைவால் மானோ ஓடும்போது வாலைக் கொடிபோலத் தூக்கும். சந்தேகமா? சரி, துப்பாக்கியை இறக்கிவிடுங்கள்.