ஏழு இருக்கா மாமா?

அன்புள்ள சார்,

நீங்கள் முன்பு எழுதியிருந்த 11 சீட்டு ஆட்டத்தை நானும் கணவரும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஆடுகிறோம். ஒரு சண்டை. தன் கையிலேயே இருக்கிற சீட்டை அவர் என்னிடம் "இருக்கா?" என்று கேட்கிறார். நான் "இல்லை" என்றதும், அதுதான் நடுச்சீட்டு என்று நம்பிச் சொல்லித் தோற்றுப்போகிறேன். மூளைக்கு வேலை தரும் ஆட்டம் என்றீர்களே, இது அழுகுணி ஆட்டம் இல்லையா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இல்லை. உங்கள் கணவர் சரியாகத்தான் ஆடுகிறார். (இந்த வரியை அவரிடம் காட்ட வேண்டாம்.)

மற்றவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். இஸ்பேடில் ஏஸ் முதல் ஜாக்கி வரை 11 சீட்டு. கலைத்து ஆளுக்கு ஐந்து போட்டால் ஒன்று மிஞ்சும். அதை யாரும் பார்க்காமல் நடுவில் கவிழ்த்து வைக்க வேண்டும். உங்கள் முறை வரும்போது "இந்தச் சீட்டு உன்னிடம் இருக்கா?" என்று கேட்கலாம், அல்லது நடுச்சீட்டு எதுவென்று சொல்லலாம். சரியாகச் சொன்னால் ஜெயம், தப்பினால் அதோடு தோல்வி. கேட்ட சீட்டு இருந்தால் எதிராளி அதைத் திறந்து வைத்துவிட வேண்டும். பதிலில் பொய் கூடாது. கேள்வி அவரவர் இஷ்டம்.

இப்போது கேள்வியிலும் பொய் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் "ஆறு இருக்கா?" என்கிறார். உங்களிடம் இல்லை. அவரிடமும் இருக்க முடியாது, இருந்தால் கேட்டிருக்க மாட்டார். அப்படியென்றால் நடுவில் இருப்பது ஆறு. அடுத்த முறை உங்களுடையது, சொல்லிவிட்டு எழுந்து போகலாம். சரியான சீட்டைக் கேட்டவரே தோற்கிறார்! ஆரம்பத்தில் இந்த ஆபத்து ஆறில் ஒன்று. உங்கள் கையில் ஒரே சீட்டு மிஞ்சும்போது பாதிக்குப் பாதி. அவர் பொய்யாகவும் கேட்கக்கூடும் என்ற சந்தேகம் ஒன்றுதான் உங்களைத் தடுத்து நிறுத்துகிறது.

பொய்க் கேள்வியும் இலவசம் இல்லை. நீங்கள் அதை நம்பாமல் வேறு சீட்டு கேட்டுவிட்டால், அது நிஜக் கேள்வியாக இருந்தால் அடுத்த முறை அவர் நடுச்சீட்டைச் சொல்லி ஜெயிப்பார். சொல்லவில்லையா, அந்தச் சீட்டு அவர் கையில் இருப்பது அம்பலம்.

இந்த ஆட்டத்தை உருவாக்கியவர் ரூஃபஸ் ஐசக்ஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர். துரத்துகிறவனும் தப்பி ஓடுகிறவனும் எப்படி நகர வேண்டும் என்று கணக்குப் போட்டவர். ஏவுகணைக்காகப் போட்ட கணக்கு அது. எத்தனை தடவைக்கு ஒரு தடவை பொய்யாகக் கேட்க வேண்டும் என்பதையும் அவர் கணக்கிட்டு 1955-இல் ஒரு கணித இதழில் எழுதினார்.

கடைசிக் கட்டத்தை, அதாவது ஆளுக்கு ஒரு சீட்டு, நடுவில் ஒன்று என்ற நிலையை, நாமே பேப்பரில் போட்டுப் பார்க்கலாம். மூன்றில் ஒரு தடவை பொய்யாகக் கேட்க வேண்டும் என்று வரும். எந்தத் தடவை என்பதில் ஒழுங்கு இருக்கக் கூடாது. சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள்: விநாடி முள் முதல் 20 விநாடிக்குள் இருந்தால் பொய், மீதி 40-இல் நிஜம். பதில் சொல்கிறவர் நம்புவதா வேண்டாமா என்பதற்குக் காசைச் சுண்டினாலே போதும்.

இவ்வளவும் தெரிந்த நான் ஒருமுறை ரயிலில் அக்கா மகனோடு ஆடினேன். பத்து வயது. பொய்யாகக் கேட்பதற்கு முன்னால் தன் சீட்டை ஒருமுறை குனிந்து பார்ப்பான்; இரண்டு தடவை பிடித்துவிட்டேன். மூன்றாவது தடவையும் குனிந்து பார்த்தான். "ஏழு இருக்கா மாமா?" "இல்லை." மனசுக்குள் சிரித்துக்கொண்டு, மூன்று இருக்கா என்று கேட்டேன். அவன் மூன்றைத் திறந்து வைத்துவிட்டு, நடுச்சீட்டின் மேல் விரலை வைத்து "ஏழு" என்றான். ஏழுதான்.