வருத்தம் என்றால் எந்த வருத்தம்?

அன்புள்ள ஐயா,

மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 படிவத்தின் தமிழ்நாட்டு வடிவத்தை யாழ்ப்பாணத்து நோயாளிகளிடம் கொடுக்கப்போகிறோம். எழுத்துத் தமிழ் எங்கும் ஒன்றுதானே, அப்படியே கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். ஆங்கிலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்க்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

இரண்டும் வேண்டாம். புதிதாக மொழிபெயர்த்தால் ஏற்கெனவே சோதித்துத் தேறிய வாக்கியங்களும் மாறிவிடும். பிறகு இரு ஊர் மதிப்பெண்களையும் ஒப்பிட வழியில்லாமல் போகும். இருக்கும் வடிவத்தையே எடுத்து, மாற்றியே தீரவேண்டிய சொல்லை மட்டும் மாற்றுங்கள். அது எந்தச் சொல் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

தெரியாத சொல்லால் பெரிய ஆபத்தில்லை. ‘ஜலதோஷம்’ புரியாவிட்டால் நோயாளியே கேட்பார், ‘தடிமன்’ என்றால் முடிந்தது. தெரிந்த சொல் வேறு பொருளில் வரும்போது யாரும் கேட்பதில்லை. இரண்டாம் கேள்வியில் ‘வருத்தமாக இருப்பது’ என்று வருகிறது என்று வையுங்கள். தமிழ்நாட்டில் அது துக்கம். யாழ்ப்பாணத்தில் ‘அம்மாவுக்கு வருத்தம்’ என்றால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பல வருடச் சர்க்கரை நோயாளி ‘அநேகமாக ஒவ்வொரு நாளும்’ என்று தயங்காமல் குறிப்பார், 3 மதிப்பெண். ஒன்பது கேள்விகளுக்கும் சேர்த்து மொத்தம் 27இல், மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்ளும் வழக்கமான வரம்பு 10தான். முதல் இரண்டு கேள்விகளை மட்டும் கேட்கும் சுருக்கப் படிவத்திலோ வரம்பே 3. அங்கே அந்த ஒரு சொல்லே அவரை வரம்பை எட்ட வைத்துவிடும்.

எட்டாம் கேள்வியில் வரும் ‘பேசுவது’ அங்கே திட்டுவதையும் குறிக்கும். சாதாரணப் பேச்சுக்கு ‘கதைப்பது’. ‘இரண்டு வாரம்’ வாசித்தால் புரியும், ஆனால் வாயில் வருவது ‘ரெண்டு கிழமை’. அதனால் ‘வாரம்/கிழமை’ என்று சாய்கோடு போட்டு எழுதலாம். ‘வருத்தம்’ விஷயத்தில் சாய்கோடு உதவாது. பக்கத்தில் எந்தச் சொல்லை வைத்தாலும் நோய் என்ற பொருள் அங்கேயே நிற்கும், எடுத்துவிடத்தான் வேண்டும். ‘கவலை’, ‘துக்கம்’ இரண்டையும் நோயாளிகளிடம் சோதித்துப் பாருங்கள். ‘கவலை’யைப் பதற்றமாக எடுத்துக்கொண்டால் அது வேறு படிவத்தின் கேள்வி ஆகிவிடும்.

வேலை இப்படிப் போகட்டும். அந்தப் பேச்சுவழக்கில் வளர்ந்த இருவர் தனித்தனியாகப் படித்துச் சந்தேகச் சொற்களைக் குறிக்கட்டும், பிறகு சேர்ந்து உட்கார்ந்து முடிவெடுக்கட்டும். மாற்றிய வரிகளை மட்டும், மூலத்தைப் பார்க்காத ஒருவர் ஆங்கிலத்துக்குத் திருப்பட்டும். அடுத்தது நோயாளிகள். இப்படிப்பட்ட படிவங்களின் மொழிபெயர்ப்புக்கு இஸ்போர் என்ற சர்வதேச அமைப்பு வெளியிட்ட 2005 நெறிமுறை 5 முதல் 8 பேர் என்கிறது. அதிகம் படிக்காதவர்களும் வயதானவர்களும் அதில் கட்டாயம் இருக்கட்டும். ‘புரிகிறதா?’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். ‘இதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்’, ‘எதை நினைத்து இந்தக் கட்டத்தில் குறித்தீர்கள்?’ என்று கேளுங்கள்.

விடைக் கட்டங்களையும் விடாதீர்கள். இரண்டாவது விடையைப் ‘பல நாட்கள்’ என்று எழுதினால், ‘பாதிக்கு மேற்பட்ட நாட்கள்’ என்ற மூன்றாவதைவிட அது அதிகமாகச் சிலருக்குப் படும். நான்கையும் தனித்தனி அட்டையில் எழுதிக் கொடுத்து, குறைவிலிருந்து கூடுதலாக அடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் மாற்றி அடுக்கினாலும் அந்தச் சொல்லை மறுபடி பாருங்கள்.

நாட்டு எல்லையும் பேச்சு எல்லையும் ஒன்றல்ல. மலையகத் தமிழர் பேச்சு பல இடங்களில் தமிழ்நாட்டை ஒட்டியது, எனவே ‘இலங்கை வடிவம்’ என்று பெயரிட்டு எல்லாருக்கும் கொடுத்துவிட வேண்டாம்.

படிவத்தை வாசித்துக் காட்டுவீர்கள் என்றால், தாதியர் தமக்குத் தோன்றிய சொல்லைப் போட்டு விளக்கத் தொடங்குவார்கள். நல்ல மனதோடுதான் செய்வார்கள், ஆனால் ஆளுக்கொரு படிவம் ஆகிவிடும். எந்தச் சொல்லுக்கு எதைச் சொல்லலாம் என்று அரைப் பக்கத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள்.

ஒன்பதாம் கேள்வி சாவையும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதையும் பற்றியது. சொல்லைத்தான் சோதிக்கிறோம் என்று நாம் நினைத்திருக்க, எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்லிவிடலாம். அவரை அன்றைக்கே பார்க்கப்போகும் மருத்துவர் யார் என்று முடிவான பிறகு முதல் நோயாளியை அழையுங்கள்.