தைவான் இரவுச் சந்தைகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

தைவான் போகிறவர்களும் அங்கேயே தங்கிப் படிக்கிறவர்களும் இரவுச் சந்தைகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகத் தொகுத்திருக்கிறோம். விலைகள் எல்லாம் தைவான் டாலரில். ஒரு டாலருக்கு ஏறக்குறைய மூன்று ரூபாய் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கே: வேலை விஷயமாகப் போகிறேன். தைபேயில் மூன்று ராத்திரிதான் இருப்பேன். எல்லோரும் ஷீலின் சந்தை என்கிறார்கள். அது ஒன்று போதுமா?
(வாசகர், ஸ்ரீபெரும்புதூர்)

ஷீலின் பெரியது, பெயர் பெற்றது. துணி, செருப்பு, பொம்மை, விளையாட்டுக் கடைகள் என்று சுற்ற நல்ல இடம். ஆனால் சாப்பாடுதான் முதல் நோக்கம் என்றால் நிங்ஷியா, ராவ்ஹே இரண்டையும் முன்னால் வையுங்கள்.

நிங்ஷியா ஒரே ஒரு சிறிய தெரு. ஷுவாங்லியான் மெட்ரோ நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. கிட்டத்தட்ட முழுக்கச் சாப்பாட்டுக் கடைகள்தான், அதனால் அலைச்சல் இல்லை. இங்கே சிப்பி ஆம்லெட் சாப்பிடுங்கள். சிறு கடற்சிப்பி, முட்டை, கீரை, சர்க்கரைவள்ளி ஸ்டார்ச் கரைசல் எல்லாம் சேர்த்துக் கல்லில் ஊற்றி, மேலே இனிப்பான சிவப்புச் சாறு விடுவார்கள். ஸ்டார்ச் சேர்வதால் நடுப்பகுதி வழுவழுப்பாகத்தான் இருக்கும். சரியாக வேகவில்லையோ என்று சந்தேகப்பட வேண்டாம், அதுதான் பதம்.

ராவ்ஹே ஏறக்குறைய 600 மீட்டர் நீளமுள்ள நேர்த்தெரு. பச்சைத் தடத்தின் கடைசி நிலையமான சோங்ஷானில் ஐந்தாம் வாயில் வழியாக வெளியே வந்தால் சியூ கோயில், அதன் பக்கத்திலேயே சந்தை நுழைவாயில். நுழைந்தவுடன் நிற்கும் நீண்ட வரிசை மிளகு ரொட்டிக்கு. பன்றி இறைச்சி, மிளகு, வெங்காயத்தாள் வைத்து மூடிய மாவை மண் அடுப்பின் உட்சுவரில் ஒட்டிச் சுடுகிறார்கள். உள்ளே கொதிக்கும் சாறு இருக்கும். முதல் கடியைச் சிறியதாகக் கடித்து, ஆவி போன பிறகு சாப்பிடுங்கள். அவசரப்பட்டால் நாக்கு வெந்துவிடும், அப்புறம் அன்று ராத்திரி எதிலும் ருசி தெரியாது.

ஷீலினுக்குப் போக ஷீலின் நிலையத்தில் இறங்காதீர்கள். அதற்கு ஒரு நிலையம் முன்னால் இருக்கும் ஜியான்டானில் இறங்கி முதல் வாயிலில் வெளியே வாருங்கள்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். வார நாளில் ஐந்தரைக்குள் போய்விடுங்கள். எண்ணெய் புதிதாக இருக்கும், வரிசை குட்டையாக இருக்கும். சனிக்கிழமை ஏழு முதல் ஒன்பது வரை நடக்கவே இடம் இருக்காது. திங்கட்கிழமை பல கடைகள் விடுமுறை எடுப்பதால் அன்றைக்குத் தெரு பாதி காலியாகத் தெரியலாம். ஜூலை முதல் செப்டம்பர் வரை புயல் காலம். அரசு புயல் விடுமுறை அறிவித்தால் சந்தை நடக்காது.

கே: நாங்கள் சைவம். வெங்காயம், பூண்டு, பால் சாப்பிடுவோம்; முட்டை கூடாது. இரவுச் சந்தையில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா?
(வாசகி, கும்பகோணம்)

தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கண்ணுக்குச் சைவமாகத் தெரிவதை நம்பி வாங்காதீர்கள், சைவக் கடையைத் தேடி வாங்குங்கள். தைவானில் பௌத்த வழியில் சைவம் உண்பவர்கள் ஏராளம். அவர்களுக்கான கடைகளில் ‘சூ’ (素) என்று படிக்கப்படும் சீன எழுத்து பெரிதாக இருக்கும். பல பலகைகளில் பக்கத்திலேயே ஸ்வஸ்திகச் சின்னமும் இருக்கும். அந்த எழுத்தின் படத்தைக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள், தூரத்திலிருந்தே கடை அடையாளம் தெரியும்.

அங்கே பெரும்பாலும் வெங்காயம், பூண்டு சேர்க்க மாட்டார்கள். ஆனால் முட்டை சேரலாம். பொட்டலத்தில் அடைத்து விற்கும் சைவ உணவில் ஐந்து வகை அச்சிடப்படும்: முழுச் சைவம், முட்டைச் சைவம், பால் சைவம், முட்டை-பால் சைவம், வெங்காயம் பூண்டு சேர்ந்த சைவம். உங்களுக்குப் பொருந்துவது பால் சைவம். அதை ‘நாய் சூ’ என்பார்கள். வாயால் சொன்னால் உச்சரிப்பு பிசகும். “இறைச்சி, மீன், முட்டை, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம், பாலும் வெங்காயமும் சாப்பிடுவோம்” என்று சீனத்தில் எழுதிக் காட்டுவதே நல்லது.

இனி ஏமாறக்கூடிய இடங்கள். காளான், பீன்ஸ், டோஃபு என்று நாமே கூடையில் பொறுக்கிக் கொடுத்தால் பொரித்துத் தரும் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே கோழி பொரித்த அதே எண்ணெயில்தான் காளானும் வேகும். கருப்பான குழம்பில் வேகவைத்துத் தரும் காய்கறிகளுக்கும் இதே கதை, அது இறைச்சி வெந்த குழம்பு. வதக்கிய கீரையில் பன்றிக் கொழுப்பும், அதில் வறுத்த சின்ன வெங்காயமும் சேர்வது வழக்கம். வெங்காயத்தாள் ரொட்டி மாவிலும் சில கடைகள் அதே கொழுப்பைப் பிசைகின்றன. நாற்ற டோஃபுவை ஊறவைக்கும் புளித்த நீரில் இறால் சேர்க்கும் கடைகள் உண்டு. சுட்ட சோளம்கூடப் பாதுகாப்பில்லை. மேலே தடவும் ‘ஷாச்சா’ என்ற விழுதில் உலர்ந்த மீனும் இறாலும் இருக்கும். உப்பு மட்டும் போடச் சொல்லி வாங்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். குச்சியில் செருகி, நிலக்கடலைப் பொடி புரட்டி, கொத்தமல்லி தூவிய கருப்புத் துண்டு ஒன்று விற்பார்கள். பார்த்தால் இனிப்புப் பண்டம் என்றே தோன்றும். அது பன்றி ரத்தமும் ஒட்டரிசியும் சேர்த்து வேகவைத்தது. நிங்ஷியாவின் சேப்பங்கிழங்கு உருண்டைகளிலும் ஒரு வகையில் உப்பிட்ட முட்டைக் கருவும் இறைச்சித் துருவலும் இருக்கும். பூரணம் இல்லாத உருண்டை தனியாகக் கிடைக்கும்.

உங்களுக்கு ஒத்துவருபவை: டோஃபு இனிப்பு, சுட்ட சர்க்கரைவள்ளி, வெட்டிய பழம், அய்யூ ஜெல்லி. அய்யூ என்பது ஒரு வகை அத்திக் கொடியின் விதைகளைத் துணியில் கட்டித் தண்ணீரில் பிசைந்து எடுப்பது, ஜெலட்டின் கிடையாது. நிலக்கடலை ஐஸ்கிரீம் சுருளும் அருமையானது. பெரிய கடலைமிட்டாய்க் கட்டி போன்ற ஒன்றை இழைப்புளியால் சீவி, மெல்லிய மாவுத் தாளில் பரப்பி, இரண்டு உருண்டை ஐஸ்கிரீமும் கொத்தமல்லியும் வைத்துச் சுருட்டுவார்கள். கொத்தமல்லி வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், ருசியே அதில்தான். ஐஸ்கிரீமில் முட்டை உண்டா என்று மட்டும் கேளுங்கள். சக்கர வடிவில் சிவப்புப் பயறு வைத்துச் சுடும் பணியாரம் வேண்டாம், அதன் மாவில் முட்டை சேர்வது வழக்கம்.

கே: மகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை. அழைத்துப் போகலாமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

ஒவ்வாமை கடுமையானது என்றால் வேண்டாம். கடலைப் பொடி அங்கே ஐஸ்கிரீம் சுருள், மோச்சி (ஒட்டரிசி மாவு உருண்டை), இறைச்சி பன் என்று பலவற்றில் தூவப்படுகிறது. ஒரே கரண்டி, ஒரே கையுறை, ஒரே மேசை. பலகையில் எச்சரிக்கை எதுவும் இருக்காது. லேசானது என்றால் பழம், சுட்ட சர்க்கரைவள்ளி என ஒரே பண்டம் விற்கும் கடைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருத்துவர் கொடுத்த மருந்து கைப்பையில் இருக்கட்டும். அங்கே ஆம்புலன்ஸ் எண் 119.

கே: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை இல்லாமல் முத்து டீ (பபிள் டீ) கேட்டு வாங்கலாம் என்கிறார்களே?
(வாசகர், திருநெல்வேலி)

டீயில் சர்க்கரையைக் குறைக்கலாம்: முழு அளவு, பத்தில் ஏழு பங்கு, பாதி, பத்தில் மூன்று பங்கு, துளியும் இல்லாமல் என்று ஐந்து நிலை உண்டு. பனிக்கட்டிக்கும் அப்படியே. ஆனால் முத்துகளைச் சர்க்கரைப் பாகில்தான் ஊறவைக்கிறார்கள், முத்தே மரவள்ளி மாவு வேறு. “சர்க்கரை இல்லை” என்று சொன்னாலும் முத்தின் இனிப்பு குறையாது. அப்பாவுக்கு முத்து இல்லாத, சர்க்கரை போடாத ஊலாங் டீ வாங்கிக் கொடுங்கள்.

கே: பேரம் பேசலாமா? முடி நேராக்கும் கருவி, சிறிய மின் அடுப்பு எல்லாம் மலிவாம். வாங்கி வரலாமா?
(வாசகி, மதுரை)

மின்கருவியை முதலில் பார்ப்போம். தைவானில் மின்சாரம் 110 வோல்ட், நம் ஊரில் 230. சூடேறும் கருவியை இங்கே செருகினால் நான்கு மடங்குக்கு மேல் சூடாகும், சில நொடிகளில் கருகிவிடும். கருவியின் அடியில் ‘100–240’ என்று அச்சிட்டிருந்தால் மட்டும் வாங்குங்கள். கைப்பேசி சார்ஜர்கள் பெரும்பாலும் அப்படி இருக்கும். முடி நேராக்கும் கருவிகளில் சிலவும் இருக்கும். சாதம் வடிக்கும் மின் அடுப்பு அநேகமாக இருக்காது. செருகியின் முனையும் தட்டை வடிவம், அடாப்டர் ஒன்று தேவைப்படும்.

சாப்பாட்டுக் கடையில் பேரம் கிடையாது. துணி, காலுறை, கைப்பேசி உறைக் கடைகளில் ஒன்றுக்குக் குறைக்க மாட்டார்கள், இரண்டு மூன்று எடுத்தால் குறைப்பார்கள். துணி பெரும்பாலும் ஒரே அளவு. போட்டுப் பார்க்க விடமாட்டார்கள், திருப்பி எடுக்கவும் மாட்டார்கள். தோள் அகலத்தையும் நீளத்தையும் உங்கள் சட்டையோடு வைத்துப் பார்த்து எடுங்கள். வாங்கத் தகுந்தது காலுறை. சாங்ஹுவா மாவட்டத்தின் ஷேதோ ஊர் காலுறைத் தொழிலுக்குப் பேர்போனது. ஆனால் சந்தையில் இருப்பதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு அல்ல, தயாரிப்பு நாட்டைப் பார்த்து வாங்குங்கள்.

பயணிகளுக்கு வரித்தொகை திரும்பக் கிடைக்கும் திட்டம் உண்டு. அதற்கென அறிவிப்பு ஒட்டிய கடையில் ஒரே நாளில் குறைந்தது 2,000 டாலருக்கு வாங்க வேண்டும். சந்தைத் தள்ளுவண்டிகளில் அது கிடைக்காது.

கே: வெட்டிய பழம் கேட்டேன், நினைத்ததைவிடப் பல மடங்கு பணம் கேட்டார்கள். ஏன்?
(வாசகர், சென்னை)

பலகையில் இருந்த எண்ணை ஒரு கிலோ விலை என்றோ ஒரு பை விலை என்றோ எடுத்துக்கொண்டிருப்பீர்கள். தைவான் சந்தையில் எடைக்கணக்கு ‘ஜின்’. ஒரு ஜின் 600 கிராம். சில பலகைகளில் அரை ஜின்னுக்கோ 100 கிராமுக்கோ விலை போட்டிருக்கும். வெட்டிய பிறகு மறுக்க முடியாது. கத்தி வைக்கும் முன் எடை போடச் சொல்லி, மொத்தத் தொகையைக் கால்குலேட்டரில் காட்டச் சொல்லுங்கள். முன்கூட்டியே கோப்பையில் வைத்து விலை ஒட்டியிருப்பதை வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை.

கே: பொம்மை கவ்வும் எந்திரத்தில் ஜெயிக்க வழி உண்டா?
(மாணவர், வேலூர்)

பல எந்திரங்களில் ‘உறுதித் தொகை’ என்று ஓர் எண் இருக்கும். தொடர்ந்து காசு போட்டு அந்தத் தொகையை எட்டிவிட்டால் பொம்மை கிடைக்கும்வரை கவ்வி பலமாகப் பிடிக்கும். நடுவில் விட்டுவிட்டுப் போனால் உங்கள் காசு அடுத்தவருக்கு லாபம். பொம்மை அந்தத் தொகைக்குப் பெறுமா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

கே: சிஞ்சூவில் படிக்கிறேன். வார இறுதியில் தைநான் போனால் எந்தச் சந்தை திறந்திருக்கும்?
(மாணவி, சிஞ்சூ)

தைநானில் கிழமை தெரியாமல் போனால் காலி மைதானத்தைத்தான் பார்ப்பீர்கள். அங்கே பெரிய சந்தைகள் நம் வாரச்சந்தை முறையில் மாறி மாறிக் கூடுகின்றன. ஹுவாயுவான் சந்தை வியாழன், சனி, ஞாயிறு. தாதோங் திங்கள், செவ்வாய், வெள்ளி. வூஷெங் புதன், சனி. நீங்கள் போவது ஹுவாயுவானாக இருக்கட்டும். அதிவேக ரயில் நிலையம் நகரத்துக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து இணைப்பு ரயிலில் தைநான் நிலையம் வந்து, பிறகு பேருந்தோ டாக்ஸியோ பிடிக்க வேண்டும். தெற்கே காவ்சியுங் வரை போனால் ருயிஃபெங் சந்தை திங்கள், புதன் விடுமுறை. லியூஹே தினமும் உண்டு.

கே: பணம், குப்பை, கழிப்பறை பற்றிச் சொல்லுங்கள்.
(வாசகி, ஈரோடு)

நூறு டாலர் நோட்டுகளும் சில்லறையும் வையுங்கள். அறுபது டாலர் பண்டத்துக்கு ஆயிரம் நோட்டை நீட்டாமல், முதலில் 7-Eleven போன்ற சங்கிலிக் கடைகளில் மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவருக்கு 400 டாலர் இருந்தால் நாலைந்து பண்டம் ருசி பார்க்கலாம். தெருவில் குப்பைத்தொட்டி அரிது. குச்சியையும் கோப்பையையும் வாங்கிய கடையிலேயே கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள். கழிப்பறைக்கு மெட்ரோ நிலையம்தான் நம்பகமானது. மீதிப் பண்டத்தை மெட்ரோவில் வாயில் போடாதீர்கள். தண்ணீர் குடித்தால்கூட 1,500 முதல் 7,500 டாலர் வரை அபராதம்.

கே: அங்கே சாப்பிட்ட சர்க்கரைவள்ளி உருண்டையை வீட்டில் செய்தேன். உப்பவே இல்லை, கல் மாதிரி வந்தது.
(வாசகி, சேலம்)

அளவு இது: வேகவைத்து மசித்த கிழங்கு 200 கிராம், மரவள்ளி ஸ்டார்ச் 100 கிராம், சர்க்கரை 40 கிராம். உங்கள் ஊரிலேயே நல்ல ஸ்டார்ச் கிடைக்கும். ஜவ்வரிசியை மிக்ஸியில் அரைத்துப் போட்டிருந்தால் அதுவே முதல் காரணம். ஜவ்வரிசி ஏற்கெனவே சூட்டில் பாதி வெந்தது, பச்சை ஸ்டார்ச் போல உப்பாது.

கிழங்கை ஆவியில் வேகவையுங்கள். தண்ணீரில் போட்டால் ஈரம் ஏறும். மசித்ததும் சூடு ஆறுமுன் சர்க்கரையையும் ஸ்டார்ச்சையும் சேர்த்துப் பிசையுங்கள். ஆறிய மசியலில் சேர்த்தால் மாவு விரிசல் விடும். வெள்ளைக் கிழங்கு வறண்டது, ஒரு தேக்கரண்டி தண்ணீர் கேட்கும். ஆரஞ்சுக் கிழங்கு ஈரமானது, ஸ்டார்ச் இன்னும் 10 முதல் 20 கிராம் தேவைப்படும். பத்து கிராம் உருண்டைகளாக, கீறலின்றி உருட்டுங்கள். கீறல் வழியாக ஆவி போய்விடும்.

எண்ணெய் 140 டிகிரி அளவில் இருக்கட்டும். ஓர் உருண்டையைப் போட்டால் சிறு குமிழ்கள் நிதானமாக எழ வேண்டும். புகையும் எண்ணெயில் போட்டால் மேல்தோல் உடனே இறுகி, உள்ளே ஆவி விரிய இடமில்லாமல் போகும். உங்களுக்குக் கல்லாக வந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மிதக்கும்வரை அழுத்தாதீர்கள், தட்டையாகிவிடும். மிதந்ததும் ஜல்லிக்கரண்டியின் அடிப்பக்கத்தால் மெதுவாக அழுத்தி விடுங்கள். அழுத்தம் விலகும்போது உருண்டை விரியும். இப்படி ஐந்தாறு முறை செய்தால் இரு மடங்காகி உள்ளே கூடாகும். கடைசி ஒரு நிமிடம் 175 டிகிரிக்குத் தீயைக் கூட்டித் தோலை இறுக்கி எடுங்கள். கூட்டாமல் எடுத்தால் தட்டில் விழுந்தவுடன் சுருங்கும். கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். ஆறிய பிறகு மறுபடி பொரித்தாலும் பழைய மொறுமொறுப்பு வராது.