ஆறுதல் தேடி வருபவரிடம் என்ன பேசுவது?

துக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும் குழுவில் ஒருவர் மனம் திறந்தால் என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அறிவுரையை ஒதுக்கி வையுங்கள். "அம்மா போய் மூணு மாசம் ஆச்சு, வாசலில் கிடக்கும் அவங்க செருப்பை எடுக்க மனசு வரல" என்கிறார் ஒருவர். "காலம் ஆற்றிவிடும்" என்றால் அதோடு பேச்சு நின்றுவிடும். "அம்மா எப்படிப்பட்டவங்க?" என்று கேட்டுப் பாருங்கள், மடை திறந்தது போல் பேசுவார்.

1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் சீரழிந்த இருவர் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (குடியிலிருந்து மீள ஒருவருக்கொருவர் உதவும் அமைப்பு) இப்படித்தான் வளர்ந்தது: பட்டவர் பட்டவரிடம் பேசுவது, பெயரை வெளியே சொல்லாதிருப்பது. நீங்களும் கேட்டதை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளப் போவதாக ஒருவர் சொன்னால் மட்டும் ரகசியம் பார்க்க வேண்டாம்; உடனே உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள்.